பழைய லப்டொப்பில பிழையில்லை, ரவுட்டர் 13 ஆம் சனலில போய் நிக்குது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட பேப்பரில வின்டோஸ் 10 க்கு 2025 ஒக்டோபர் 14 ஓட கொம்பனி சப்போட்டை நிப்பாட்டிட்டுது, இனிப் பழைய கொம்பியூட்டர் வைச்சிருக்கிற ஆக்கள் புதுசுக்கு மாறுறதுதான் புத்தி எண்டு ஒரு குறிப்பு வந்திருந்தது. திகதி சரி, அதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா அதுக்குள்ள போற போக்கில, வைபை அறுந்து அறுந்து போறதும் பிடிக்காமல் நிக்கிறதும் மெசினுக்கு வயசு போட்டுது எண்டதுக்கு அடையாளம் எண்டும் ஒரு வரி கிடந்தது பாருங்கோ, அதை வாசிச்சாப் பிறகு எனக்குத் தேத்தண்ணி இறங்கேல்லை. உதே கதையை ஒரு கடைக்காரப் பெடியன் சொல்ல, அதை நம்பி நானும் இந்த வருசம் அறுபத்தையாயிரம் ரூவாயைக் கொண்டு போய்க் குடுக்கப் பாத்தனான். குடுக்கேல்லை. ஏன் குடுக்கேல்லை எண்டுறதைத்தான் எழுதுறன், கொஞ்சம் நீண்டு போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் விசுவமடுவில இருக்கிறன், பள்ளிக்கூடத்தில லிகிதரா இருந்து இளைப்பாறின ஆள், கொம்பியூட்டரைப் பற்றிப் படிச்சவன் இல்லை. ரைப்ரைட்டரில தட்டித் தட்டி வந்தவன். எங்கட வீட்டில கிடக்கிற லப்டொப் 2014 இல தம்பி கனடாவில இருந்து வரேக்க தன்ர பெட்டிக்குள்ள உடுப்புக்கு நடுவில வைச்சுக் கொண்டு வந்தது, அதுவும் அவர் பாவிச்சு முடிச்சது, வின்டோஸ் 7. பற்றரி செத்துக் கனகாலம், சார்ஜர் வயரைக் கழட்டினா அந்த இடத்திலயே கண்ணை மூடிடும். எண்டாலும் பேத்தி ஏ.எல். படிக்கிறவள், அவளுக்குப் பாடம் பாக்க, பாஸ்ட் பேப்பர் இறக்க, எனக்குப் பேப்பர் வாசிக்க அது காணும்.

இப்ப கதைக்கு வாறன். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்கு மறந்திராது, பாணந்துறையில கிரிட் உபமின் நிலையத்துக்குள்ள ஒரு குரங்கு போய் விழுந்து முழு நாட்டுக்கும் கறண்ட் போன நாள். மந்திரியே அப்பிடித்தான் சொன்னவர். எங்களுக்கு இஞ்ச குரங்கு புதுசில்லை, ஒவ்வொரு நாளும் தகரத்துக்கு மேலால ஓடித்திரியிறதுகள், ஆனா ஒரு குரங்கு இவ்வளவு தூரத்தில இருந்து எங்கட வீட்டு வைபையைக் கெடுக்கும் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. அண்டைக்குப் பின்னேரம் கறண்ட் வந்து ரவுட்டர் லைட் எல்லாம் பத்தி, போனுகள் எல்லாம் தானா இணைஞ்சிட்டுது, லப்டொப்பில மட்டும் எங்கட வீட்டு ரவுட்டரின்ர பேரே இல்லை. பாஸ்வேட் பிழை எண்டு சொல்லேல்லை, சிக்னல் குறைவு எண்டும் சொல்லேல்லை, பேரே இல்லை. அடுத்த வளவுக்காரற்ற பேர் ரெண்டு கோட்டோட நிக்குது, பேத்தியின்ர போன் ஹொட்ஸ்பொட் நிக்குது, மூண்டு அடி தள்ளி மேசையில இருக்கிற எங்கட சொந்த ரவுட்டர் மட்டும் அதின்ர கண்ணுக்குத் தெரியேல்லை.

ரவுணுக்குக் கொண்டு போனன். கடையில வைச்சு ஓன் பண்ணினா கடை வைபையை டக்கெண்டு பிடிச்சிட்டுது. ஒண்டுமில்லை ஐயா, எல்லாம் சரி எண்டு சொல்லி ஆயிரத்தைந்நூறு ரூவா வாங்கினவை. வீட்டை வந்தா பழையபடி. திரும்பக் கொண்டு போக, அந்தப் பெடியன் இந்தமுறை உள்ளுக்க இருக்கிற வைபை காட் பலவீனமாப் போச்சு, உது பழைய சாமான், இதுக்கு மேல செலவழிக்காதேங்கோ எண்டு சொல்லிப்போட்டு அறுபத்தையாயிரத்துக்கு ஒரு செகண்ட் ஹாண்ட் லப்டொப்பை எடுத்து மேசையில வைச்சவன். நல்ல பெடியன்தான், பொய் சொல்லேல்லை, தனக்குத் தெரிஞ்சதைச் சொன்னவன். ஆனா எனக்கு ஒரு விசயம் குடைஞ்சு கொண்டே இருந்தது: பலவீனமான காட் எண்டா அடுத்த வளவு வைபை எப்பிடித் தெரியும், பக்கத்தில இருக்கிறது எப்பிடித் தெரியாமல் போகும்?

காசு எடுக்கிறதுக்கு நாள் கேட்டுக்கொண்டு வந்திட்டன். அந்த வியாழக்கிழமை ஒருக்கா கறண்ட் போய் வந்தது. லப்டொப்பைத் திறந்தா, எங்கட பேர் முழுக் கோட்டோட சிரிச்சுக்கொண்டு நிக்குது! மனுசி சொன்னா, தான் வைரவருக்கு வடைமாலை நேர்ந்ததாலதான் எண்டு. நானும் மறுத்துக் கதைக்கேல்லை, வடை எனக்கும்தானே. மூண்டு கிழமை ஒரு கரைச்சலும் இல்லை. பிறகு ஒரு பின்னேரம் இடி மின்னல் எண்டு பிளக்கைக் கழட்டி வைச்சு, விடிய திரும்பக் கொழுவினா பேர் மாயம்.

அதுக்குப் பிறகுதான் எனக்கு லிகிதர் புத்தி வேலை செய்தது. ஒரு சிஆர் கொப்பி எடுத்துக் கோடு அடிச்சு, எண்டைக்கு ரவுட்டர் நிண்டு திரும்ப ஓன் ஆச்சு, அதுக்குப் பிறகு லப்டொப்பில பேர் தெரிஞ்சதோ இல்லையோ எண்டு எழுதத் தொடங்கினன். ஏழு எட்டு வரி நிரம்ப விசயம் வடிவாத் தெரிஞ்சிட்டுது. தெரியிறதும் தெரியாமப் போறதும் மாறுறது ரவுட்டர் நிண்டு எழும்பேக்க மட்டும்தான், லப்டொப்பை எத்தினை தரம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் ஒண்டும் மாறேல்லை. அப்ப ரவுட்டர்தான் எழும்புற நேரம் எதையோ மாத்துது. லப்டொப் அப்பிடியே இருக்குது, பாவம் அதில பழி.

பேத்தி போனில வைபை அனலைசர் எண்டு ஒரு அப் இறக்கினவள். அதில பக்கத்தில இருக்கிற ஒவ்வொரு வைபையும் ஒரு சின்ன மலை மாதிரி, கலர் கலரா, கீழ 1, 2, 3 எண்டு நம்பரோட நிக்கும். எங்கட மலை எங்க நிண்டது தெரியுமோ, ஆக வலப்பக்கத்து மூலையில 13 க்கு மேல. ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினம், மலை 6 க்கு வந்தது, லப்டொப்பில பேர் வந்திட்டுது. இன்னொருக்கா செய்தம், 1, பேர் நிண்டது. பிறகு ரவுட்டருக்குள்ள போய் நாங்களே வேணுமெண்டு 12 இல விட்டுப் பாத்தம், பேர் போச்சு. 11 இல விட்டம், வந்தது. 13, போச்சு. பேத்தி சிரிக்கிறாள், எனக்கு உண்மையில மயிர் கூச்செறிஞ்சுது, கிட்டத்தட்ட ரெண்டு மாசமா எங்களைச் சுத்த விட்ட பிசாசு ஒரு நம்பர்.

விளக்கம் இதுதான். வைபை எண்டாலும் ரேடியோதான். பொருளாதாரத் தடை காலத்தில வன்னிக்குள்ள பற்றரி வராது, சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தர் பெடலைச் சுத்த டைனமோவில ரேடியோ பாட, மற்றவர் முள்ளைத் திருப்பி ஸ்டேசன் பிடிப்பார், அதை அனுபவிச்ச ஆக்களுக்கு இது சொல்லவே தேவையில்லை. பழைய 2.4 கிகாஹேட்ஸ் வைபையில சனல் எண்டுறது அந்த முள் நிக்கிற இடம், 1 எண்டா 2412 மெகாஹேட்ஸ், 6 எண்டா 2437, 11 எண்டா 2462, 13 எண்டா 2472. எங்கட பக்கத்திலயும் ஐரோப்பாவிலயும் 13 வரைக்கும் பாவிக்கலாம். கனடாவிலயும் அமெரிக்காவிலயும் விக்கிற சாமான் வழக்கமா 11 ஓட நிண்டிடும், அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஏத்த மாதிரிச் செய்தது. அதாவது தம்பி கொண்டு வந்த லப்டொப்பின்ர முள் 11 க்கு அங்கால திரும்பாது. ரவுட்டரில சனல் ஓட்டோ எண்டு விட்டுக்கிடந்தா, அது எழும்பேக்க எந்த இடத்தில சத்தம் குறைவு எண்டு பாத்து அங்க போய்க் குந்தும். எல்லாரும் 1, 6, 11 எண்டு குந்தியிருக்க, வெறுமையாக் கிடக்கிறது 13 தானே, அங்க போயிடும். கடையில ஏன் வேலை செய்தது எண்டு இப்ப விளங்கியிருக்கும். கடை ரவுட்டர் 11 க்குள்ள நிண்டிருக்கும், அவ்வளவுதான்.

யோசிச்சுப் பாருங்கோ ஐயா, வன்னியில எத்தினை வீட்டில கனடா லப்டொப் கிடக்குது. வீட்டுக்கு ஒரு ஆள் எண்டாலும் ரொறன்ரோவில. அவையள் பாவிச்சு முடிச்சதை மருமக்களுக்குப் படிக்க எண்டு குடுத்து விடுகினம். அதுகளில எத்தினையை இந்த 13 ஆம் நம்பருக்காகப் பழசு, செத்துப்போச்சு எண்டு சொல்லி மூலைக்குள்ள போட்டிருப்பினம்?

திருத்துறது அஞ்சு நிமிச வேலை. ரவுட்டரைக் கவிட்டுப் பாத்தா ஸ்டிக்கரில ஒரு நம்பர் இருக்கும், 192.168 எண்டு தொடங்கும், அதோட யூசர் நேமும் பாஸ்வேட்டும் இருக்கும். வைபையில நிக்கிற போன் ஒண்டில பிரவுசரைத் திறந்து அந்த நம்பரை அடிச்சு உள்ள போய், வயர்லெஸ் எண்ட இடத்தில சனல் ஓட்டோ எண்டு கிடக்கிறதை 1, 6, 11 இந்த மூண்டில அடுத்த வளவுக்காரர் நிக்காத ஒண்டா மாத்திப் போட்டு சேவ் குடுத்தாச் சரி. இந்த மூண்டையும் ஏன் சொல்லுறன் எண்டா இதுகள் மூண்டும்தான் ஒண்டோட ஒண்டு முட்டாமல் நிக்கிறது, 3, 4 எண்டு விட்டா ரெண்டு பக்கத்துச் சத்தமும் காதில விழும். போன இடத்தில இன்னொண்டையும் பாருங்கோ. புது ரவுட்டர்களில 5 கிகாஹேட்ஸ் எண்டு இன்னொரு அலை இருக்குது, வேகம் கூட, ஆனா சுவரைத் தாண்டினாப் பலம் குறைஞ்சிடும், பழைய லப்டொப் கனக்கிலும் அது தெரியவே தெரியாது. ரெண்டுக்கும் ஒரே பேர் வைச்சிருந்தா எது எது எண்டு ஒருத்தருக்கும் விளங்காது, 2.4 க்குத் தனிப்பேர் வையுங்கோ. மற்றது பாதுகாப்பு எண்ட இடத்தில டபிள்யூபிஏ3 எண்ட புதுப் பூட்டு வகை மட்டும் கிடந்தா பழைய மெசின் பேரைப் பாக்கும் ஆனா உள்ள வராது, அதுக்கு முந்தின டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் எண்டு மாத்துங்கோ. ஒரு பாதுகாப்பும் இல்லாமல் திறந்து மட்டும் விட்டிடாதேங்கோ, அடுத்த வளவுப் பெடியள் உங்கட டேற்றாவில படம் பாப்பாங்கள், அதுவும் எனக்கு நடந்தது.

வைபையில இங்கிலீஸ் எழுத்தால பேர் வைச்ச வகைகள் இருக்குது, அதுகளின்ர வருசங்களைத் தேடிப் பாத்த நேரம் ஒரு விசயம் மனசில பட்டுது, பத்திரிகைக்குத் தேவையோ தெரியாது, எழுதுறன். ஜி எண்ட வகை 2003 இல வந்தது. ஏ9 ரோட்டு திறந்து சமாதானம் எண்டு சனம் நம்பிக்கொண்டிருந்த நேரம், கிளிநொச்சியில கொம்பியூட்டர் வகுப்புகள் பெருகினதும் அப்பதான். அதுக்கடுத்த என் எண்ட வகை முடிவாகி வந்தது 2009 இல. நாங்கள் மெனிக் பாம் முகாமில தறப்பாளுக்குக் கீழ வரிசையில தண்ணி எடுத்துக்கொண்டிருந்த வருசம். உலகம் அந்தப்பக்கம் போக நாங்கள் இந்தப்பக்கம் போனம். அதால எங்கட ஆக்களுக்கு உது எல்லாம் ஒரு படி விட்டு ஒரு படியாத்தான் கைக்கு வந்தது, ஒருத்தரும் முதல்ல இருந்து சொல்லித் தரேல்லை.

என்ர கதை ஊருக்குள்ள பரவினாப் பிறகு, சனசமூக நிலையத்தில பின்னேரம் நான் பேப்பர் பாக்கிற நேரம் ஆக்கள் லப்டொப்பைச் சீலைப் பையுக்குள்ள சுத்திக் கொண்டுவரத் தொடங்கினவை. வந்த எல்லாத்துக்கும் 13 ஆம் நம்பர் இல்லை. உடையார்கட்டில இருந்து ஒரு ரீச்சர் வந்தவா, ஒரு மாசமா வைபை இல்லை, மகன் வின்டோஸே மாத்திப்போட்டான், ஒண்டும் சரிவரேல்லை எண்டு. நான் மெசினைக் கையில வாங்கிச் சுத்திப் பாத்தன், பக்கத்தில சின்னதா ஒரு சுவிச், அதைத் தள்ளினன், செம்மஞ்சளா நிண்ட லைட் நீலமாச்சு. ரீச்சரின்ர முகத்தைப் பாக்கேலாமப் போச்சு. பழைய மெசின்களில கனக்க உப்பிடி ஒரு சுவிச் இருக்கும், இல்லாட்டி எஃப்என் கீயோட மேல இருக்கிற ஒரு கீயை அமத்த வேணும், பையுக்குள்ள வைச்சு எடுக்கேக்க தானா ஓஃப் ஆகியிருக்கும்.

இன்னொரு பெடியன் கொண்டு வந்ததுதான் விசித்திரம். ஸ்கிறீனைக் கொஞ்சம் பின்னுக்குச் சரிச்சா வைபை போகுது, நிமித்தினா வருது. சார்ஜரையும் பற்றரியையும் கழட்டிப் போட்டு அடியில இருக்கிற சின்ன மூடியின்ர ரெண்டு ஸ்குறூவைக் கழட்டினம். உள்ளுக்க முழுக்க சுள்ளெறும்பு, முட்டையோட. அதுகளை ஊதிக் கலைச்சுப்போட்டுப் பாத்தா, நெருப்புப் பெட்டியில பாதி அளவு ஒரு காட், அதில கறுப்பும் வெள்ளையுமா நூல் மாதிரி ரெண்டு வயர், நுனியில கடுகளவு பித்தளை மூடி. கறுப்பு இறுக்கமா இருக்குது, வெள்ளை கழண்டு பக்கத்தில கிடக்குது, ஸ்கிறீனை அசைக்கிற நேரம் முட்டுறதும் விடுறதும். அந்த வயர்தான் அன்ரனாவுக்குப் போறது, பிணைச்சலுக்குள்ளால மேல ஏறி ஸ்கிறீனைச் சுத்திப் போகுது, அதாலதான் ஸ்கிறீனை அசைக்க உது ஆடுது. நகத்தால நேரா வைச்சு அமத்தினன், டிக் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். அவன்ர லப்டொப் இப்ப முத்தத்து மாமரத்துக்குக் கீழ இருந்தும் சிக்னல் பிடிக்குது. எறும்பு பிறகும் வருமெண்டு சொல்லி விட்டனான், பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டு அடிக்காதே எண்டு.

எங்கட சனசமூக நிலையத்தில ஒரு பழைய டெஸ்க்ரொப் கிடக்குது, ஒரு தொண்டு நிறுவனம் தன்ர ஒஃபிசை மூடிக்கொண்டு போகேக்க குடுத்தது. அதுக்கு ரெண்டு வருத்தம். முதல் வருத்தம், வைபை முழுக் கோட்டோட நிக்கும், மூலைக்குள்ள மஞ்சள் முக்கோணமும் நிக்கும், ஒண்டும் திறக்காது. செற்றிங்குக்குள்ள போய்ப் பாத்தா அந்த ஒஃபிஸ் காலத்தில போட்டுவிட்ட ஐபி விலாசம், அதாவது நெற்றில மெசினை அடையாளம் காட்டுற நம்பர், அப்பிடியே கிடக்குது. இடம்பெயர்ந்து வந்து குடில் போட்டாப் பிறகும் கூப்பன் பதிவு மட்டும் பழைய கிராம சேவகரிட்டக் கிடந்தா எப்பிடிச் சாமான் எடுக்கிறது, அதே கதைதான். தானா எடு எண்டு மாத்திவிட்டன், முக்கோணம் போட்டுது. வேற மெசினில விலாசம் 169.254 எண்டு தொடங்கினா அது வேற கதை, ரவுட்டர் விலாசமே குடுக்கேல்லை எண்டு அர்த்தம், மெசின் தன்பாட்டில தனக்கு ஒரு நம்பரைப் போட்டுக்கொண்டு நிக்குது. அப்ப அந்த வைபைப் பேரை மறக்கச் சொல்லி அழிச்சுப்போட்டு, ரவுட்டரையும் ஒருக்கா நிப்பாட்டி எழுப்பி, பாஸ்வேட்டைப் புதுசா அடிச்சு உள்ள போகவேணும்.

ரெண்டாவது வருத்தம்தான் எங்களை ஆக அலைக்கழிச்சது. முக்கோணமும் இல்லை, வைபை நல்லா நிக்குது, ஆனா எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உங்கட இணைப்பு பாதுகாப்பில்லை எண்டு சிவப்பில வருது. எல்லாரும் வைபைதான் பிழை, ரவுட்டரை மாத்துங்கோ எண்டு நிண்டவை. நான் தற்செயலா வலப்பக்கத்துக் கீழ் மூலையைப் பாத்தன். 2009 ஜனவரி 1. உள்ளுக்க மதர்போட்டில ஒரு காசு மாதிரி வட்டப் பற்றரி இருக்குது, சிஆர்2032 எண்டு பேர், 3 வோல்ட், அது செத்தா ஒவ்வொரு தரமும் கறண்ட் நிக்கேக்க மெசினுக்குத் திகதி மறந்திடும். இப்ப இருக்கிற இணையப் பக்கம் ஒவ்வொண்டும் ஒரு சேட்டிபிகேட்டைக் காட்டும், அதில இன்ன திகதி தொடக்கம் இன்ன திகதி வரை செல்லும் எண்டு இருக்கும். 2009 இல நிக்கிற மெசினுக்கு அது இன்னும் பிறக்காத பிள்ளைக்கு எடுத்த பிறப்புப் பத்திரம் மாதிரி. லிகிதரா நான் இருந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பன். இருநூறு ரூவாக்குள்ள பற்றரி வாங்கிப் போட்டம், திகதியைத் திருத்தினம், முடிஞ்சுது. அந்த மெசினுக்குப் பின்னால குத்தியிருந்த யூஎஸ்பி வைபைக் குச்சியை ஒரு மூண்டடி நீட்டு வயர் போட்டு மேசைக்கு மேல எடுத்ததும் உதவினது, இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில கிடந்தா அது பாவம் எதைப் பிடிக்கிறது. ரவுட்டரும் அப்பிடித்தான், கனபேர் களவுக்குப் பயந்து இரும்பு அலுமாரிக்குள்ள வைச்சிருக்கினம், தகரத்துக்கும் இரும்புக்கும் ரேடியோ அலை அஞ்சும்.

வைபை பிடிச்சுப் பத்து நிமிசத்தில தன்பாட்டில அறுந்தா டிவைஸ் மனேஜருக்குள்ள போய் வைபை காட்டில பவர் மனேஜ்மன்ட் எண்ட இடத்தில இருக்கிற சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கோ, கறண்ட் மிச்சம் பிடிக்கிறன் எண்டு மெசின் காட்டை நித்திரையாக்கிப் போடுது. அங்க மஞ்சள் ஆச்சரியக்குறி நிண்டாலோ காட்டின்ர பேரே இல்லாட்டியோ பெரும்பாலும் டிரைவர், அதாவது காட்டை வேலை செய்ய வைக்கிற மென்பொருள், இல்லை. டிரைவர் இறக்க நெற் வேணும், நெற்றுக்கு டிரைவர் வேணும் எண்டு முழுசிக்கொண்டிருக்கத் தேவையில்லை, அன்ரொயிட் போனை யூஎஸ்பி வயரால கொழுவி ரெதரிங் ஓன் பண்ணினா நெற் வரும், லப்டொப் செய்த கொம்பனியின்ர சொந்தப் பக்கத்தில மொடல் நம்பரை அடிச்சு இறக்குங்கோ. கண்ட கண்ட இடத்தில டிரைவர் இலவசம் எண்டு நிக்கிறதை அமத்தப்போய் ஒரு பெடியன்ர மெசின் வைரசில போனது எனக்குத் தெரியும். எல்லாம் பாத்தும் ஒண்டும் விளங்காட்டி டேற்றா முடிஞ்சுதோ எண்டு பாருங்கோ. சிரிக்காதேங்கோ, அரைவாசிப் பேருக்கு அதுதான்.

வயசு ஒரு பிரச்சினையே இல்லை எண்டு நான் சொல்ல வரேல்லை. வின்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 ஓட பாதுகாப்புத் திருத்தம் வாறது நிண்டிட்டுது, குரோம் அதுக்கு 109 ஆம் பதிப்போட கையை விட்டிட்டுது, அதால சில பக்கங்கள் திறக்காது, அதுக்கும் வைபைக்கும் சம்பந்தமில்லை. பாங்க் வேலை எல்லாம் அதில செய்யாதேங்கோ, நானும் செய்யிறேல்லை. உண்மையிலயே செத்த காட்டும் இருக்குது, ஒரு வீட்டில இடி விழுந்து காட்டும் போய் மதர்போட்டும் போய் ரீவியும் போனது, அதுக்கு நான் என்ன செய்யிறது. காட் மட்டும் செத்தா சின்ன யூஎஸ்பி வைபைக் குச்சி வாங்கிக் குத்தலாம், அது சில ஆயிரம் ரூவாதான். ஆனா வாங்க முதல் 2.4 இல வேலை செய்யிறதோ, உங்கட வின்டோஸுக்கு டிரைவர் இருக்குதோ எண்டு கேட்டு வாங்குங்கோ.

நான் கேக்கிறது ரெண்டு விசயம். ஒண்டு, வீடு வீடா ரவுட்டர் கொண்டந்து பூட்டுற கொம்பனிப் பெடியள் போனில வேலை செய்யுது எண்டு காட்டிப்போட்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு போறதை விட்டிட்டு, வீட்டில லப்டொப் இருக்குதோ எண்டு ஒரு வார்த்தை கேட்டு, சனலை 11 க்குள்ள கட்டி வைச்சுப்போட்டுப் போகவேணும். அந்தச் செற்றிங் பக்கம் முழுக்க இங்கிலீசில கிடக்குது, ஸ்டிக்கர் நம்பர் எங்கட வயசு ஆக்களுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஒரு துண்டுப் பேப்பரில தமிழில நாலு வரி எழுதி ரவுட்டரில ஒட்டினா என்ன குறைஞ்சு போகும்? எனக்குப் பூட்டின கொம்பனிக்கு நான் கோல் எடுத்துச் சொன்னனான், நாப்பது நிமிசம் பாட்டுக் கேட்டாப் பிறகு ஒரு பிள்ளை வந்து ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ எண்டு சொன்னது. அதைத்தான் தங்கச்சி குரங்கு செய்தது எண்டு சொன்னன், அதுக்கு விளங்கேல்லை.

மற்றது உங்களுக்கு. பழசு எண்டா எறியுங்கோ எண்டு எழுதுறது லேசு, கொழும்பில இருக்கிற ஒரு ஆளுக்கு அது சரியாவும் இருக்கலாம். இஞ்ச அறுபத்தையாயிரம் எண்டுறது ஒரு போகத்தில கையில மிஞ்சினா மிஞ்சும், மிஞ்சாட்டி இல்லை. போன காலபோகம் எனக்கு மிஞ்சேல்லை. 2020 இல பள்ளிக்கூடம் பூட்டின நேரம் ஒரு போனோட மூண்டு பிள்ளையள் குளக்கட்டில ஏறி நிண்டு சிக்னல் பிடிச்சுப் படிச்சதை நான் என்ர கண்ணால பாத்தனான், அண்டைக்கு இந்த மூலைக்குள்ள கிடந்த லப்டொப்புகளில நாலை எண்டாலும் எழுப்பியிருக்கலாம். அதால வருத்தத்தைப் பாக்க முதல் சாவுச் செய்தி போடாதேங்கோ. கிழமைக்கு ஒரு சின்னப் பெட்டி, ஒரு வருத்தம் ஒரு வைத்தியம் எண்டு போடுங்கோ, தெரிஞ்ச ஆக்கள் எழுதுவினம், நானும் எழுதித் தாறன், காசு வேண்டாம்.

கடிதம் நீண்டு போச்சு, உங்கட ஆக்கள் வெட்டுவினம் எண்டு எனக்குத் தெரியும். குரங்கையும் வடைமாலையையும் வெட்டினாலும் பரவாயில்லை, 1, 6, 11 எண்ட மூண்டு நம்பரையும் மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.

இப்படிக்கு,
இளைப்பாறிய பாடசாலை லிகிதர்,
விசுவமடு.